வீட்டுத் தோட்டமும் வெட்டுக்கிளியும்

உழவர் பெருமக்கள் வயலிற் காணும் இடர்கள் பலவும் சிறிய அளவில் வீட்டுத் தோட்டத்திலும் உண்டு. கொல்லைப்புறத்தில் நான்கு பாத்தி கீரையும், ஒரு பந்தல் அவரையும், பத்துக் கத்தரிச் செடியும் வைத்து வளர்ப்பார்க்கு நேரும் துன்பங்களுள் வெட்டுக்கிளியால் வருவதும் ஒன்றாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தழைத்து நின்ற முளைக்கீரை அடுத்த ஞாயிறு வருமுன் நரம்பும் காம்புமாய் நிற்பது கண்டு மனம் நொந்தோர் நம்முட் பலர். பொழுதுபோக்கிற்காகத் தோட்டம் இடுவார்க்கு இஃது ஒரு வருத்தம் மட்டுமே. அக்கீரையைக் கட்டாகக் கட்டித் தெருவிற் கொண்டுசென்று விற்று நாட்செலவு நடத்தும் ஏழை மகளிர்க்கோ ஒரு பாத்தி கீரை அழிந்தால் ஒரு வாரத்து அரிசி அழிந்ததாகும். ஆதலின் இப்பூச்சியின் இயல்பு யாது, இதனை எங்ஙனம் அடக்கலாம் என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம். வெட்டுக்கிளியை வெல்ல விரும்புவோர் முதற்கண் அதனை இன்னதென்று அறிதல் வேண்டும். அறிந்தபின், அதற்குச் சிறகு முளைக்குமுன்னரே தடுத்தல் வேண்டும். இவ்விரண்டுமே இக்கட்டுரை கூறப்புகும் பொருளாம்.

பெயரும் பழமையும்

இப்பூச்சிக்கு நம் மொழியில் வழங்கும் பெயர்களே அதன் இயல்பை நன்கு விளக்குவன. இலையை வெட்டித் தின்றலின் வெட்டுக்கிளி என்றும், தத்திச் செல்லுதலின் தத்துக்கிளி என்றும் பெயர்பெற்றது. முன்னது அதன் வாயின் தொழிலையும், பின்னது அதன் காலின் தொழிலையும் குறித்தன. விட்டில் என்பது மற்றொரு பெயர். இன்று இச்சொல்லைக் கேட்பார் விளக்கில் வீழ்ந்து மடியும் பூச்சியையே நினைப்பர். ஆயின், திருக்குறளின் நாடு என்னும் அதிகாரத்தில் வரும் 'அருங்கேடு' என்ற சொல்லிற்கு உரை கண்ட பரிமேலழகர், மிகுபெயல், பெயலின்மை, எலி, கிளி, அரசு அண்மை என்பவற்றோடு விட்டிலையும் சேர்த்து, நாட்டிற்குக் கேடு செய்வன ஆறு எனக் கொண்டனர். பஞ்சத்தோடும் பகையரசோடும் ஒருங்கு வைத்து எண்ணத்தக்க ஆற்றல் இச்சிறு பூச்சிக்கு உண்டென்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது இதனாற் பெறப்படும்.

வேதாகமத்தைப் பயின்றார்க்கும் இப்பூச்சி புதியதன்று. எகிப்தின்மேல் வந்த வாதைகளுள் எட்டாவது வெட்டுக்கிளி. கீழ்காற்று அதனைக் கொணர்ந்தது, மேல்காற்று அதனைச் செங்கடலிற் கொண்டுபோய்த் தள்ளிற்று என்று யாத்திராகமம் கூறும். இது வெறும் புனைவன்று. பாலைவன வெட்டுக்கிளிக் கூட்டம் காற்றின் போக்கிலேயே பறந்து செல்வது என்பதை இக்காலத்து ஆராய்ச்சியாளரும் ஒப்புவர். யோவேல் தீர்க்கதரிசி தம் நூலின் தொடக்கத்தில் இப்பூச்சியை நான்கு பெயராற் சுட்டுகின்றார். அந்நான்கும் நான்கு வேறு இனங்களா, அன்றி ஒரே பூச்சியின் நான்கு பருவங்களா என்பதில் வேத அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பருவங்களே எனக் கொள்வார் கூற்றிற்கு இப்பூச்சியின் வளர்ச்சி முறை இடந்தருவதாகும்; அதனைப் பின்னர்க் கூறுவாம்.

தனித்து வாழ்வனவும் கூட்டமாய் எழுவனவும்

வெட்டுக்கிளி என்ற அளவில் அனைத்தையும் ஒன்றெனக் கருதி அஞ்சுதல் தவறு. நம் தோட்டத்திற் காண்பன தனித்து வாழும் இயல்பின. படைபோல் எழுந்து நாடுகளைப் பாழாக்குவது பாலைவன வெட்டுக்கிளி எனப்படும் வேறு இனம். ஒரு சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புடைய அதன் கூட்டத்தில் நான்கு கோடி முதல் எட்டுக் கோடி வரை பூச்சிகள் இருக்கலாம் என்றும், அக்கூட்டம் ஒரு நாளில் 35,000 மக்கள் உண்ணும் அளவு உணவைத் தின்னும் என்றும் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டுள்ளது.

இத்தகைய பூச்சியும் எப்பொழுதும் கூட்டமாய் இருப்பதன்று. உவாரவ் என்னும் உருசியப் பூச்சியியல் அறிஞர் இலண்டனில் பணியாற்றிய காலத்தில், 1921-ஆம் ஆண்டு, ஓர் அரிய உண்மையை வெளியிட்டனர். தனித்துத் திரிவதும், கூட்டமாய்ப் பறப்பதும் இரு வேறு இனங்கள் என அதுகாறும் கருதப்பட்ட வெட்டுக்கிளிகள் உண்மையில் ஓரினத்தின் இரு நிலைகளே என்பதே அது. மழை பெய்து பசுமை மிக, அவை பெருகி, பின்னர் உணவுள்ள இடம் சுருங்க ஒன்றோடொன்று நெருங்கி உராயுங்கால் அவற்றின் நிறமும் நடையும் மாறிவிடுகின்றன. அம்மாற்றத்தைத் தூண்டுவது செரட்டோனின் என்னும் பொருள் என்பதைப் பாலைவன வெட்டுக்கிளியில் 2009-ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் கண்டனர். இம்மாற்றம் எல்லா வெட்டுக்கிளிக்கும் உரியதன்று. நம் கீரைப்பாத்தியில் உள்ளது எத்துணை பெருகினும் நாடு கடந்து பறக்கும் படையாய் மாறாது.

இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் கலக்கத்தை 2020-ஆம் ஆண்டிற் கண்டோம். அவ்வாண்டில் பாலைவன வெட்டுக்கிளிகள் இராஜஸ்தான், குஜராத், மத்தியப்பிரதேசம், உத்தரப்பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களிற் புகுந்தன. அச்செய்தி பரவிய மே மாத இறுதியில், நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எருக்கஞ்செடிகளின்மேல் வெட்டுக்கிளிகள் திரளாய் அமர்ந்திருந்தன. அப்படையே இங்கும் வந்துவிட்டதென மக்கள் அஞ்சினர். வேளாண்மைத் துறையினர் ஆராய்ந்து, அவை வடக்கிலிருந்து வந்தன அல்ல, இம்மண்ணிலேயே என்றும் வாழும் எருக்கு வெட்டுக்கிளிகள் என்று தெளிவித்தனர். மஞ்சளும் நீலப்பச்சையும் வரிவரியாய் அமைந்த உடலும், இளஞ்சிவப்பான உட்சிறகும் உடைய அப்பூச்சியின் முதன்மையான உணவு எருக்கிலையே. எருக்கின் நஞ்சைத் தன்னுடலிற் சேர்த்து வைத்துக்கொள்ளுதலின், பறவைகள் அதனை எளிதில் தீண்டா; அதன் குஞ்சைக் கையால் பற்றினால் முதுகிலிருந்து நச்சுநீரைப் பீச்சும். சிறுவர் அதனைப் பிடித்து விளையாடாதவாறு காத்தல் நன்று. எருக்கு அருகிலிருக்கும்வரை அது நம் கத்தரியை நாடுதல் அரிது.

பழி யாரைச் சாரும்?

'பழி ஓரிடம், பாவம் ஓரிடம்' என்பது பழமொழி. இலையிற் கண்ட ஓட்டை யாவும் வெட்டுக்கிளியின் வேலை என்று துணிதல் அப்பழமொழிக்கு இலக்காவதாம். வெட்டுக்கிளி பெரும்பாலும் பகலில், இலையின் ஓரத்திலிருந்து ஒழுங்கின்றிக் கடித்துச் செல்லும். இரவில் மட்டும் இலை குறையுமாயின் புழுவையோ நத்தையையோ ஐயுறுக. இலைமேல் கரிய சிறு உருண்டைகளாய் எச்சம் கிடப்பின் அது பெரும்பாலும் புழுவினது. காய்ந்து மினுங்கும் கோடு காணப்படின் அது நத்தை சென்ற வழி. ரோஜா இலையின் ஓரம் கத்தரியால் வெட்டியதுபோல் வட்டமாய்க் குறைந்திருப்பின் அது தன் கூட்டிற்கு இலை கொய்யும் ஒருவகைத் தேனீயின் வேலை. அத்தேனீ நம் அவரைப் பூவிற்கு மகரந்தம் கொணரும் நண்பனுமாம்.

வெட்டுக்கிளியே எனத் துணிந்தபின் அதன் உணர்கொம்பை நோக்குக. கொம்பு குட்டையாயின் அது பகலில் இலை தின்னும் உண்மையான வெட்டுக்கிளி. உடலினும் நீண்டு நூல்போல் இருப்பின் அது இராக்காலத்தில் ஒலிக்கும் வேறு குடும்பத்தது. அதனாற் பெருங்கேடு நேர்தல் அரிது. நம் கீரைப்பாத்திகளிற் பலகாலும் காணப்படுவது கூம்பிய தலையும் பசுமை நிறமும் உடைய சிறிய வெட்டுக்கிளி. அட்ராக்டொமார்பா என்பது அதன் அறிவியற் பெயர். பச்சிலையோடு பச்சிலையாய் ஒட்டிக்கிடத்தலின் அருகிற் சென்று பார்த்தாலன்றி அது புலப்படாது.

பிறப்பும் வளர்ச்சியும்

வண்ணத்துப்பூச்சிக்குப் புழு, கூட்டுப்புழு என்னும் பருவங்கள் உள. வெட்டுக்கிளிக்கு அவை இல்லை. பெண்பூச்சி தன் வயிற்றின் நுனியால் மண்ணைத் துளைத்து, ஓரிரண்டு அங்குல ஆழத்தில் முட்டைகளை இட்டு, அவற்றைச் சுற்றி நுரைபோன்ற நீரைச் சுரக்கும். அந்நுரை உலர்ந்து ஒரு பையாகி முட்டைகளைக் காக்கும். இனத்திற்கேற்ப ஒரு பையிற் சில பத்து முட்டைகளோ, நூற்றுக்கு மேற்பட்டனவோ இருக்கும். அடிக்கடி கொத்திக் கிளறப்படும் பாத்தியைவிட, வரப்பு, வேலியோரம், பாதையோரம் போன்ற கை படாத மண்ணையே அது விரும்பும். வறண்ட நிலத்து இனங்கள் பல கோடையை முட்டையாகவே கழித்து, மழை பெய்து மண் நனைந்தபின் வெளிப்படும். நீர் பாயும் தோட்டத்தில் வாழ்வன ஆண்டிற்கு ஒரு முறைக்கு மேலும் இனம் பெருக்கும்.

முட்டையினின்று வெளிப்படும் குஞ்சு தாயைப் போன்ற வடிவே உடையது. சிறகு மட்டும் இல்லை. அது பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு முறை தோலுரித்து, ஒவ்வொரு முறையும் சற்றே பெரிதாகி, இறுதியில் முழுச் சிறகு பெறும். யோவேல் கூறிய நான்கு பெயரும் நான்கு பருவங்களே என்பார்க்கு இவ்வளர்ச்சி முறையே ஆதாரம். நமக்கு இதனாற் பெறும் பயன் பெரிது. சிறகில்லாக் குஞ்சு தான் பிறந்த இடத்தை விட்டுத் தொலைவு செல்லாது. அதன் வாயும் சிறிது, பசியும் சிறிது. சிறகு பெற்றபின்னோ அண்டை வீட்டிலிருந்தும் பறந்து வரும், மீண்டும் மண்ணில் முட்டையிடும். ஆகவே முட்டையாயும் குஞ்சாயும் இருக்கும் பருவமே நாம் வெல்லும் பருவம்.

அடக்கும் முறைகள்

முதலாவது, மண்ணைக் கிளறுதல். சித்திரை வைகாசியில், தோட்டத்தில் ஒரு பூச்சியும் கண்ணிற் படாத காலத்தில், வரப்பையும் வேலியோரத்தையும் நான்கு விரல் ஆழம் கொத்திப் புரட்டிவிடுக. முட்டைப்பைகள் மேலே வந்து வெயிலிற் காயும். எஞ்சியவற்றைக் கோழியும் மைனாவும் பொறுக்கும். நம் நெல் விவசாயிகள் கோடையில் வரப்பைச் செதுக்கி உழுதல் இப்பயனையும் தருவதே. ஒவ்வொரு விளைச்சல் முடிந்தபின்னும் பாத்தியை ஒருமுறை கிளறுதல் நலம்.

இரண்டாவது, வைகறையிற் பிடித்தல். வெட்டுக்கிளியின் பின்தொடை ஒரு வில்லை ஒத்தது. தசை மெல்லச் சுருங்கி முழங்காலில் உள்ள வளையும் தகட்டை வளைத்து நிறுத்தும். விடுபட்ட நொடியில் அத்தகடு நிமிர உடல் எறியப்படும். அதன் உடல் தானே வெப்பம் உண்டாக்கிக்கொள்வதன்று. புறத்தே குளிர்ந்தால் தசையும் தளரும். நண்பகலில் நூறு அடி துரத்தியும் அகப்படாத பூச்சி, கதிரவன் எழுமுன் பனி படிந்த இலையில் அசைவின்றி இருக்கும். அப்பொழுது கையாற் பற்றிச் சவர்க்கார நீர் உள்ள ஏனத்தில் இட்டால் மூழ்கி மடியும். கோழி வளர்ப்போர் உயிரோடு கோழிக்கே இடலாம்; எருக்கு வெட்டுக்கிளியை மட்டும் விலக்குக. பத்து நாள் விடாது இதனைச் செய்யின் ஒரு சிறு தோட்டம் பெரும்பாலும் தூய்மையாகும்.

மூன்றாவது, நாற்றைக் காத்தல். வளர்ந்த வெண்டையும் கத்தரியும் தம் இலையிற் சிறு பங்கை இழப்பினும் மீண்டும் தழைக்கும். அவற்றின் சில ஓட்டைகளுக்காக மனங்கலங்க வேண்டுவதில்லை. ஈரிலை நாற்றோ ஒரு கடியில் அழியும். ஆதலின் நாற்றங்காலை வலையால் மூடுதல் வேண்டும். மெல்லிய துணிவலையை வெட்டுக்கிளி கடித்துத் துளைத்தலும் உண்டு. நெருங்கிய கம்பிவலையே உறுதியானது.

நான்காவது, புல்லைப் பற்றிய எச்சரிக்கை. தோட்டத்தைச் சுற்றியுள்ள புல்லே பகைவனின் பாசறை என எண்ணி அதனை ஒரே நாளில் அடியோடு செதுக்குவார் உளர். அங்குள்ள குஞ்சுகள் உணவிழந்து அடுத்திருக்கும் கீரையையே நாடும். புல்லை நீக்குவதாயின் விதைக்கு முன்னரே நீக்குக. பயிர் நிற்கும்போது ஓரத்தில் ஒரு கீற்றுப் புல்லை விட்டு வைத்து, அதிற் கூடும் குஞ்சுகளை வைகறையில் வலைவீசிப் பிடித்தல் அறிவுடைமையாகும்.

வேம்பின் சிறப்பு

இவை போதாவிடத்து வேம்பு துணை செய்யும். சுமுத்தெரர் என்னும் செருமானிய அறிஞர் 1959-ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிகள் பிற மரங்களையெல்லாம் மொட்டையாக்கியும் வேம்பைத் தீண்டாது விட்டதைக் கண்டனர். 1962-ஆம் ஆண்டு தில்லியில் பிரதான் என்னும் நம் நாட்டு அறிஞரும் அவர் குழுவினரும் வேப்பம்பருப்பை அரைத்து நீரிற் கலந்து பயிர்மேல் தெளித்தனர்; வந்திறங்கிய வெட்டுக்கிளிகள் பயிரைத் தின்னாது விட்டன. அப்பருப்பில் உள்ள அசாடிராக்டின் என்னும் பொருளை 1968-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்போர் பிரித்தெடுத்தனர். நம் வீட்டு வாயிலில் தானே வளரும் மரத்தின் ஆற்றலைப் பிற நாட்டார் ஆராய்ந்து எடுத்துரைத்தனர். அதனை நாமும் பயன்படுத்தாதிருத்தல் முறையன்று.

செய்முறை எளிது. உலர்ந்த வேப்பம்பருப்பு 50 கிராம் எடுத்து இடித்துத் துணியில் முடிந்து, ஒரு லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, காலையிற் பலமுறை பிழிந்து வடிகட்டுக. அதிற் சிறிது சவர்க்காரத்தைக் கரைத்துக்கொள்க. இலையில் ஒட்டுதற்கு அஃது உதவும். வெயில் இம்மருந்தின் ஆற்றலைக் கெடுக்குமாதலின் அன்று மாலையிலேயே இலையின் மேலும் கீழும் தெளிக்க வேண்டும். மழை பெய்தால் மீண்டும் தெளிக்க. பெய்யாவிடினும் வாரத்திற்கு ஒருமுறை தெளித்தல் தகும். கீரையாயின் சில நாள் கழித்துப் பறித்து நன்கு கழுவுக. இதனைத் தெளித்தவுடன் பூச்சி செத்து வீழும் என எதிர்பார்த்தல் கூடாது. தின்னும் விருப்பைக் குறைத்தலும், குஞ்சு முறையே தோலுரித்து வளராதவாறு தடுத்தலும் இதன் தொழில். வெட்டுக்கிளி இனங்கள் யாவும் ஒரே அளவில் வேம்பிற்கு அஞ்சுவனவும் அல்ல. எனினும் குஞ்சுப்பருவத்தில் தெளிப்பார் பயன் பெறுவர்.

வேண்டாச் சம்பளமில்லாத் துணைவர்

கடையில் விற்கும் கொடிய நஞ்சுகளைக் கீரைமேல் தெளிப்பார் சிலர். இன்று தெளித்து நாளை பறித்து உண்ணும் பயிர்மேல் நஞ்சிடுதல் எத்துணைத் தீங்கு என்பதை விரித்துரைக்க வேண்டா. அஃதன்றியும், அந்நஞ்சு நமக்குக் கூலியின்றி உழைக்கும் துணைவரையும் கொல்லும். மைனா, கரிக்குருவி, பனங்காடை, உண்ணிக்கொக்கு ஆகிய பறவைகளும், ஓணான், தவளை, சிலந்தி, கும்பிடுபூச்சி முதலியனவும் வெட்டுக்கிளியை உண்பன. தோட்டத்தில் ஒரு கழியை நட்டுவைத்தால் கரிக்குருவி அதன்மேல் அமர்ந்து காவல்புரியும்.

கொப்புள வண்டின் வரலாறு வியப்புடையது. கருமையில் செம்மஞ்சட் பட்டை உடைய இவ்வண்டு அவரை, வெண்டை முதலியவற்றின் பூக்களைத் தின்னும். அதனைப் பகையென்றே கருதுகின்றோம். ஆயின் இவ்வண்டினத்திற் பலவற்றின் புழுக்கள் மண்ணினுள் ஊர்ந்து சென்று வெட்டுக்கிளியின் முட்டைப்பையைத் தேடித் தின்று வளர்வன. மேலே பகையாயிருப்பது கீழே நட்பாய் இருக்கின்றது. எண்டோமோபாகா என்னும் பூஞ்சணமும் ஒரு துணையே. அது பற்றிய வெட்டுக்கிளி செடியின் உச்சிக்கு ஏறி, அதனைக் கால்களால் இறுகத் தழுவியவாறே உயிர்விடும். ஈரக்காலத்தில் அவ்வாறு உலர்ந்து நிற்கும் உடல்களைக் காணின் அவற்றை அகற்றாது விடுக. அவற்றிலிருந்து பூஞ்சணம் பரவிப் பிறவற்றையும் கொல்லும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், வெட்டுக்கிளியை அடக்குதற்குப் பெரும்பொருளோ பெருங்கருவியோ வேண்டுவதில்லை என்பதும், காலமறிந்து செய்யும் சிறுமுயற்சியே வேண்டுவது என்பதும் விளங்கும். கோடையில் ஒரு மண்வெட்டி, மழைக்குப்பின் பத்து வைகறைகள், நாற்றின்மேல் ஒரு வலை, வாயிலில் ஒரு வேம்பு: இவை ஏழை வீட்டிற்கும் எட்டுவன. சிறகு முளைத்துப் பறக்குங்காறும் காத்திருந்து, பின்னர் நஞ்சைத் தேடி ஓடுவார் பொருளையும் இழந்து பயிரையும் இழப்பர்.

நம் மாணவரிற் பலர் விடுமுறைக்குச் சிற்றூர்களுக்குச் செல்பவர். சித்திரை விடுமுறையில் ஒரு நாட் காலை, தம் வீட்டு வேலியோரத்தையும், இயலுமாயின் கீரை விற்கும் அண்டை வீட்டு முதியவளின் வேலியோரத்தையும் கொத்திவிடுவாராயின் அஃது ஒரு நல்ல தொண்டாகும். வெட்டுக்கிளி தின்ற ஆண்டுகளின் விளைவைத் திருப்பித் தருவேன் என்று யோவேல் வாயிலாக வாக்களித்தவர் ஆண்டவர். அவர் தரும் விளைவைப் பெறுதற்கு நிலத்தைப் பண்படுத்தி வைத்தல் நம் கடனாம்.